பிள்ளை நடக்கிறது, களைப்பை அளப்பவர் யார்?

ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் நம் ஊரில் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். சங்கரநாராயணர் கோவிலை 101 சுற்று, 501 சுற்று என்று நேர்ந்துகொண்டு ஆணும் பெண்ணுமாக நடப்பார்கள். ஒற்றைக்காலில் நின்று தவம் புரியும் கோமதி அம்மனின் கால்வலியில் ஒரு பங்கைத் தாங்கள் ஏற்றுக்கொள்வதாக அவர்கள் சொல்வதுண்டு. சுற்றி முடித்தவர் வீடு திரும்பினால் வெந்நீர் வைத்துக் கொடுப்போம், கால் பிடித்துவிடுவோம், அன்றைக்கு அவரிடம் எந்த வேலையும் சொல்லமாட்டோம். நடந்தவரின் உடம்பு என்ன பாடுபட்டிருக்கும் என்பது இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும்.

மூளை முடக்குவாதத்தோடு வளரும் பிள்ளை ஒன்று பள்ளி வாசலிலிருந்து வகுப்பறை வரை நடந்து சேரும்போது அதன் உடம்பும் அப்படித்தான் பாடுபட்டிருக்கிறது. ஆனால் அதற்கு வெந்நீர் வைப்பார் இல்லை. உட்கார்ந்த மறுநிமிடமே நோட்டை எடுத்து எழுதச் சொல்கிறோம். எழுதாவிட்டால் சோம்பேறி என்கிறோம். இந்த அநியாயத்தைப் பற்றியே இம்மாத இதழில் எழுத எண்ணினோம். எங்கள் பிரிவுக்கும் இதில் பங்குண்டு என்பதால், குற்றம் சாட்டும் குரலில் எழுத எங்களுக்கு உரிமையில்லை.

முதலில் அந்த உடம்பில் நடப்பது என்ன என்று பார்ப்போம். கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்துக்குள்ளோ வளரும் மூளையில் ஏற்பட்ட சேதமே மூளை முடக்குவாதம். மருத்துவச் சீட்டில் செரிப்ரல் பால்சி என்று எழுதியிருப்பார்கள். குறைப்பிரசவம், பிறந்தவுடன் மூச்சுத் திணறல், கடும் மஞ்சள் காமாலை, மூளைத் தொற்று எனக் காரணங்கள் பல. லண்டனைச் சேர்ந்த வில்லியம் ஜான் லிட்டில் என்ற மருத்துவர் 1861 இல் இந்நிலையை விரிவாக எழுதியதால் நெடுங்காலம் அவர் பெயராலேயே இது அழைக்கப்பட்டது. மூளையில் ஏற்பட்ட சேதம் நாளடைவில் கூடுவதில்லை. ஆனால் அந்த மூளையிடமிருந்து தவறான கட்டளைகளைப் பெறும் தசைகளும் எலும்புகளும் பிள்ளை வளர வளர மாறிக்கொண்டே இருக்கின்றன.

நாம் நடக்கும்போது உடம்பு ஊசல்போல ஆடுகிறது. ஓர் அடியில் உடம்பு எழும்பிச் சேர்த்த வேகம் அடுத்த அடியை எடுத்துவைக்க உதவுகிறது. ஒரு தசை இழுக்கும்போது அதற்கு எதிர்ப்புறம் உள்ள தசை தளர்ந்து வழிவிடுகிறது. ஆகவே நமக்கு நடை மலிவு. பேசிக்கொண்டே நடப்போம், கணக்குப் போட்டுக்கொண்டே நடப்போம். மூளை முடக்குவாதத்தில் இந்தச் சிக்கனம் குலைந்துவிடுகிறது. இழுக்கும் தசையும் எதிர்த்தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே சைக்கிள் மிதிப்பதைப் போன்றது அது. குதிகால் தரையில் படாமல் முன்னங்காலில் நடக்கும் பிள்ளைக்கு ஊன்றிநிற்கும் பரப்பு சிறுத்துவிடுகிறது. முழங்கால் மடிந்தே நடக்கும் பிள்ளையின் தொடைத்தசைக்கு ஒரு கணமும் ஓய்வில்லை. இவற்றோடு, விழுந்துவிடாமல் இருக்க ஒவ்வோர் அடியிலும் கவனம் செலவாகிறது.

இதைப் படிக்கும் பெற்றோர் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு முழங்காலையும் சற்றே மடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கியபடி, வீட்டுத் திண்ணையிலிருந்து தெருமுனை வரை நடந்து திரும்புங்கள். வந்ததும் உட்கார்ந்து ஒரு பக்கம் அழகாக எழுதுங்கள். நாங்கள் இதற்கு மேல் விளக்க வேண்டியிராது.

நடக்கும்போது உள்ளிழுக்கும் ஆக்சிஜனை அளந்து நடையின் செலவைக் கணக்கிடும் முறை உண்டு. ஒரே தூரத்தை நடக்க, அதே வயதுடைய மற்றப் பிள்ளைகள் செலவிடுவதைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை இப்பிள்ளைகள் செலவிடுகிறார்கள் என்று அவ்வளவீடுகள் காட்டுகின்றன. பாதிப்பு கடுமையாக இருந்தால் அதற்கும் மேலே போகிறது. சாதாரணமாக நடக்கும் பிள்ளை தன் உடம்பின் முழுத் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையே நடைக்குத் தருகிறது. இப்பிள்ளையோ பாதியையோ அதற்கு மேலோ தந்துவிடுகிறது. மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டுதான் அது படிக்க வேண்டும், விளையாட வேண்டும், சிரிக்கவும் வேண்டும்.

இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. ஏழு வயதில் நன்றாக நடந்த பிள்ளை பதின்மூன்று வயதில் தடுமாறுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். உயரமும் எடையும் கூடும் வேகத்துக்குத் தசையின் வலிமை கூடுவதில்லை. இறுகிய தசை எலும்பின் வளர்ச்சியோடு ஈடுகொடுப்பதுமில்லை. அந்தச் சமயத்தில், பயிற்சியை விட்டதால்தான் இப்படி ஆயிற்று என்று தாயைக் குற்றம் சொல்லும் பாட்டிமாரும், பிள்ளையை மிரட்டும் தந்தையரும் உண்டு. பெரும்பாலும் இருவர்மீதும் தவறில்லை. சுமை கூடியிருக்கிறது.

எங்களைத் திருத்திய சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகன், நான்காம் வகுப்பு மாணவன், வாக்கர் பிடித்து நடப்பவன். வாரம் இருமுறை தாயோடு பயிற்சிக்கு வருவான். அவன் நடந்த தூரத்தை ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதுவோம். 80 மீட்டர் 150 ஆயிற்று, 150 மீட்டர் 200 ஆயிற்று. எங்களுக்கும் பெருமை, தாய்க்கும் பெருமை. பள்ளியிலும் வாசலிலிருந்து வகுப்பு வரை அவனை நடக்கவிடச் சொல்லி நாங்களே எழுதிக் கொடுத்தோம். சில மாதங்களில் அவன் மூன்றாம் பாடவேளையில் தூங்கிவிடுகிறான், எழுதுவதில்லை என்று புகார் வந்தது. தாய் அவனைத் திட்டிக்கொண்டே எங்களிடம் அழைத்து வந்தார். அன்றுதான் அவனிடம் ஏன் என்று கேட்டோம். அவன் சொன்னது இதுதான்: “நடந்து போனா எழுதக் கை வரமாட்டேங்கு சார்.”

இரண்டு ஆண்டுகளாக அவன் நடந்த தூரத்தை எழுதி வந்த பதிவேட்டில், நடந்து முடித்தபின் அவன் எப்படி இருந்தான் என்று ஒரு வரியும் இல்லை. வாக்கரை இறுகப் பற்றி உடம்பின் பாரத்தைக் கையில் தாங்கி வரும் பிள்ளைக்கு, அந்தக் கைதான் பென்சிலும் பிடிக்க வேண்டும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. தவறு எங்களுடையது.

பின்னர் ஏற்பாட்டை மாற்றினோம். பள்ளி வாசலிலிருந்து வகுப்புக்குச் சக்கர நாற்காலி. இடைவேளையில் நண்பர்களோடு வராந்தாவில் சிறு நடை. மாலையில் ஓய்வுக்குப் பின் வீட்டில் பயிற்சி. தாய் இதை எளிதில் ஏற்கவில்லை. “இத்தனை வருசம் தூக்கிச் சுமந்து நடக்க வச்சது நாற்காலியில உக்கார வைக்கவா?” என்று கேட்டு அழுதார். அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. ஒரு மாதம் பார்ப்போம் என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். மாதம் முடிந்தபோது பையன் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். முழுப் பக்கம் எழுதியிருந்தான். தாய் இப்போதும் தெருவில் நாற்காலியைத் தள்ளிச் செல்லக் கூசுகிறார். ஆள் நடமாட்டம் குறைந்த பின்சந்து வழியாகவே போகிறார். ஆனால் போகிறார்.

எங்கள் கருத்தை இப்போது வெளிப்படையாகச் சொல்கிறோம். நடையைப் பிள்ளையின் வளர்ச்சிக்கு ஒரே அளவுகோலாக வைப்பதை மருத்துவமனையும் வீடும் பள்ளியும் நிறுத்த வேண்டும். பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கும் சக்தி, வீட்டுக்கு வரும் வாரக்கூலி போன்றது. திங்கட்கிழமையே மளிகைக்கு முழுவதையும் கொடுத்துவிட்டால் பள்ளிக் கட்டணத்துக்கு ஒன்றும் இராது. நடைக்கு எவ்வளவு, படிப்புக்கு எவ்வளவு, விளையாட்டுக்கு எவ்வளவு என்று பங்கிட வேண்டும். பங்கிடும்போது பிள்ளையும் உடனிருக்க வேண்டும்.

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பன்று. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1997 இல் உருவான வகைப்பாடு இப்பிள்ளைகளின் இயக்கத்திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. அதில் மூன்றாம் நிலைப் பிள்ளைகள் கைப்பிடிச் சாதனத்தோடு நடப்பவர்கள். நெடுந்தூரத்துக்குச் சக்கரங்களைப் பயன்படுத்துவார்கள் என்று அந்த விளக்கத்திலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவர்கள் 2004 இல் வெளியிட்ட அளவுகோல் இன்னும் எளிது. 5 மீட்டர், 50 மீட்டர், 500 மீட்டர் என மூன்று தூரங்களுக்கும் பிள்ளை எதைக்கொண்டு நகர்கிறது என்று தனித்தனியே கேட்கிறது. முதல் தூரம் வீடு, அடுத்தது பள்ளி, கடைசியானது கடைத்தெரு. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து, பள்ளியில் வாக்கரோடு, திருவிழாக் கூட்டத்தில் சக்கர நாற்காலியில் என்று ஒரே பிள்ளை மூன்று விதமாகப் போகலாம். அதில் முரண் ஏதுமில்லை. நாமும் அடுத்த தெருவுக்கு நடந்தும் திருநெல்வேலிக்குப் பேருந்திலும்தானே போகிறோம்?

நாற்காலியில் உட்காரப் பழகினால் கால் சும்மாவே போய்விடாதா என்று கேட்பீர்கள். நியாயமான அச்சம் இது, எங்களுக்கும் உண்டு. நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்தால் முழங்காலும் இடுப்பும் மடிந்தபடி இறுகும், தசை வலுவிழக்கும், எலும்பு மெலியும், எடை கூடும். ஆகவே நிற்பதையும் நடப்பதையும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியையும் விடச் சொல்லவே மாட்டோம். அவற்றுக்குப் பொருத்தமான வேளையைத் தேர்ந்தெடுங்கள் என்கிறோம். பாடத்துக்கு முன்னே பிள்ளையின் சக்தியைப் பிடுங்கும் நடை ஒன்று. தம்பியோடு பந்து உருட்டுவதற்காகவும், கோவில் யானையைப் பார்க்கவும் பிள்ளையே விரும்பி எழுந்து நடக்கும் நடை வேறொன்று. இரண்டும் பதிவேட்டில் ஒரே மீட்டர்தான்; பிள்ளையின் வாழ்வில் ஒன்றல்ல.

நடையின் செலவைக் குறைக்கும் வழிகளும் இருக்கின்றன. அளவாகச் செய்த காலணியும் காலிபரும் சில பிள்ளைகளுக்கு நடையை இலேசாக்குகின்றன. வளர்ந்தபின்னும் பழைய காலிபரையே மாட்டினால் அதுவே சுமையாகிவிடும். முன்னால் தள்ளும் வாக்கரைவிடப் பின்னால் இழுத்துச் செல்லும் வாக்கர் சிலருக்கு நிமிர்ந்து நடக்க உதவுகிறது. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசியும், தேவைப்பட்டால் எலும்புத் தசை அறுவைச் சிகிச்சையும் உண்டு. இறுக்கம் குறைந்த மாத்திரத்திலேயே களைப்பும் அதே அளவில் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. வலிமையும் பயிற்சியும் சேர்ந்தே பலன் தரும். நன்றாக நடந்த பிள்ளையின் நடை சில வாரங்களில் திடீரெனக் குறைந்தால் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். இடுப்பு மூட்டு விலகுவதோ, மறைந்திருக்கும் வலியோ காரணமாக இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். நடைக்கே இவ்வளவு செலவாகும் உடம்புக்கு வரவும் வேண்டும். இப்பிள்ளைகளுள் பலருக்கு மெல்லவும் விழுங்கவும் சிரமம் இருப்பதால் சாப்பிட நேரமாகும். பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில் காலை உணவு பாதியில் நின்றுவிடுகிறது. பாதி வயிற்றோடு நடந்துபோகும் பிள்ளை பத்து மணிக்கு வாடிவிடுவதில் வியப்பென்ன?

ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. நம் தென்காசி மாவட்டத்திலேயே அதற்கு ஒரு விடை இருக்கிறது. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே 1981 இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று அந்நிறுவனத்தின் பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிச் சென்று குழந்தைகளுக்கு ஆரம்பநிலைப் பயிற்சி அளிக்கிறார்கள். 2020 இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவருடைய பாதிப்பு தண்டுவடக் காயம். நம் பிள்ளைகளின் நிலை வேறு. ஆயினும், நாற்காலியில் அமர்ந்தவரின் வாழ்க்கை முடிந்தது என்று சொல்பவர்கள் ஒருமுறை ஆய்க்குடிக்குப் போய்வரலாம்.

பள்ளிக்கும் ஊருக்கும் உள்ள கடமை பெற்றோரின் கடமையைவிடச் சிறியதன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மூளை முடக்குவாதத்தைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பள்ளிக் கட்டடம் எல்லாப் பிள்ளைகளும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு பிள்ளையின் தேவைக்கேற்ற ஏற்பாட்டைப் பள்ளி செய்ய வேண்டும் என்றும் அது கூறுகிறது. தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத உதவியாளரும் அதில் அடங்கும். மாடியில் உள்ள வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றப் பணம் தேவையில்லை, மனம் போதும். கழிப்பறைக்கு அருகில் உள்ள அறையை அந்த வகுப்புக்குக் கொடுப்பதும் அப்படியே. நம் மாநிலத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லை. அது பெரிய உதவிதான். ஆனால் படிக்கட்டின் உயரம் குறையவில்லையே! பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏறும் தாயின் முதுகுவலி எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பிள்ளையின் களைப்பைப் பேசும்போது, சுமப்பவரின் களைப்பையும் சேர்த்தே பேச வேண்டும். நாற்காலி வேண்டாம் என்று மறுக்கும் வீடுகளில் அந்த மறுப்பின் பாரம் பெரும்பாலும் ஒரு பெண்ணின் இடுப்பில்தான் இறங்குகிறது.

அடுத்த முறை பயிற்சிக்கு வரும்போது பெற்றோர் மூன்று செய்திகளைக் கவனித்து வந்து சொல்லுங்கள். நடக்கும்போது பிள்ளையால் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? நடந்து முடித்தபின் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது? ஒரு நாளில் எந்த நேரத்தில் அது வாடிவிடுகிறது? இம்மூன்றும் எங்கள் கருவிகள் சொல்லாதவற்றைச் சொல்லும். எங்கள் பதிவேட்டிலும் இப்போது தூரத்துக்குப் பக்கத்தில் களைப்புக்கு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதைப் பிள்ளையின் வாயால் கேட்டே நிரப்புகிறோம். பேச இயலாத பிள்ளைகள் சிரிக்கும் முகம், வாடிய முகம் வரைந்த அட்டையில் விரல் வைத்துக் காட்டுகிறார்கள்.

நாங்கள் எழுதியதை ஏற்காத பெற்றோரும் இருப்பீர்கள். இன்னும் கொஞ்சம் நடக்கவைத்தால் தானாகவே நடந்துவிடுவான் என்ற நம்பிக்கையைக் கைவிடுவது எளிதன்று. கைவிடவும் நாங்கள் சொல்லவில்லை. நம்பிக்கையின் சுமை முழுவதையும் பிள்ளையின் இரண்டு காலில் ஏற்றிவைக்க வேண்டாம் என்றே கேட்கிறோம். மாற்றுக் கருத்து இருந்தால் வந்து சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

வரும் ஆடியில் கொடி ஏறும்போது நம் பிள்ளைகளையும் கோவிலுக்கு அழைத்துச் செல்வோம். சக்கர நாற்காலியில் கூட்டத்தைக் கடந்து போய், கால் ஓயாத பிள்ளை பிராகாரத்தில் இறங்கித் தன் இஷ்டப்படி பத்தடி நடக்கட்டும். அந்தப் பத்தடியையும் ஒரு சுற்றாகவே கணக்கில் வைப்போம். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுங்கள்.